சின்டெக்ஸ் டேங்க் நிழல்ல நாலு நிலா

எதிர் வீட்டு மாடியில புதுசா ஒரு ஃபோகஸ் லைட் போட்டிருக்காங்க.

கல்யாண மண்டப வாசல்ல போடுவாங்களே, அந்த ரகம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டா, விடியற வரைக்கும் எங்க மொட்டை மாடி பட்டப்பகல்தான். கொடியில கிடக்கற துண்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு நிழல் விழுதுங்க!

அது மார்கழி மாசம். ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாம் ஓஞ்சு, வானம் அலசிவிட்ட மாதிரி இருந்துச்சு. வியாழன் மிதுனத்துல, ராத்திரி பூரா தலைக்கு மேல. வருஷத்துல நான் காத்துக்கிட்டிருக்கற ராத்திரிகளே இந்த முப்பது நாப்பதுதான். சரியா அப்பப் பாத்து இந்த லைட்டு.

கோவம்னா கோவம். கேட்டே தீரணும்னு படியில இறங்கிட்டேன். பாதிப் படியில ஞாபகம் வந்துச்சு. போன மாசம் அவங்க மோட்டார் வயரை யாரோ ராத்திரியோட ராத்திரியா அறுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாள் அந்த அக்கா எங்க வீட்டுக் குழாயடியிலதான் குடத்தோட நின்னாங்க. அவங்ககிட்ட போய், "அக்கா, லைட்டை அணைங்க, நான் நட்சத்திரம் பாக்கணும்"னு எந்த வாயால கேக்கறது?

மறுபடி மேல ஏறிட்டேன்.

எங்க மாடியில ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இருக்கு. கறுப்பு. அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் சம்மணம் போட்டு உக்கார்ற அளவுக்கு நிழல். அங்க போய், டேங்குல முதுகைச் சாய்ச்சு உக்காந்தேன். கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு கால் மணி நேரம் ஆச்சு. பைனாகுலரைத் தூக்கி, முழங்கை ரெண்டையும் முட்டி மேல ஊனி (இது முக்கியம், இல்லன்னா கை நடுக்கத்துல எல்லாம் புழு மாதிரி நெளியும்) வியாழனைப் பாத்தேன்.

நடுவுல ஒரு வெள்ளை வட்டு. ஒரு பக்கம் மூணு புள்ளி. இன்னொரு பக்கம் ஒண்ணு. நாலும் ஒரே கோட்டுல, நூல் புடிச்ச மாதிரி.

இதை நூறு தடவையாவது பாத்திருப்பேன். நூத்தி ஒண்ணாவது தடவையும் மூச்சு ஒரு நொடி நின்னுதான் போகுது.

அப்பத்தான் இந்தப் பதிவு மனசுக்குள்ள ஆரம்பிச்சது. எதிர் வீட்டு வெளிச்சத்தை டேங்க் மறைச்சதால எனக்கு வியாழன் தெரிஞ்சது. சரி. ஆனா வியாழனே ஒரு ஃபோகஸ் லைட்தானே? அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்கற நிலாவுக்கு?

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? அந்த நாலு நிலாவையும் வெறும் கண்ணாலயே பாத்திருக்கலாம். நிஜமா. அதுங்களோட வெளிச்சம் அந்த அளவுக்கு இருக்கு. அதுல ஒண்ணான கானிமீடைத் தனியா வானத்துல ஒரு மூலையில வச்சா, கிராமத்து இருட்டுல நின்னு யார் வேணும்னாலும் விரல் நீட்டிக் காட்டலாம். கலிஸ்டோ வியாழனை விட்டு நல்லா விலகிப் போறப்ப, நம்ம பௌர்ணமி நிலாவோட அகலத்துல மூணுல ஒரு பங்கு தூரம் தள்ளி நிக்கும். அது ஒண்ணும் சின்ன இடைவெளி இல்ல. இருந்தும் தெரியாது. வியாழனோட வெளிச்சம் அப்படியே முழுங்கிடுது.

அப்ப வியாழனை மறைச்சுட்டா?

இதை நான் பதினஞ்சு ராத்திரி முயற்சி பண்ணியிருக்கேன். டேங்கோட விளிம்புல வியாழன் மட்டும் மறையற மாதிரி தலையை இஞ்ச் இஞ்சா நகத்தி, ஒத்தைக் கண்ணை மூடி, மூச்சைப் புடிச்சு. துணிக் கொடி கம்பியை வச்சுப் பாத்தேன். பக்கத்துத் தோப்புத் தென்னை மட்டையை வச்சும் பாத்தேன் (காத்து அடிச்சா மட்டை ஆடும், அது சரிப்படாது). ரெண்டு தடவை ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. சத்தியம் பண்ண முடியாது. சீனாவுல கான் தேன்னு ஒருத்தர், கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல, வியாழனை ஒட்டி ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரம் இருக்குன்னு எழுதி வச்சிருக்கார். அது இந்த நிலாக்கள்ல ஒண்ணாத்தான் இருக்கணும்னு இந்தக் காலத்து சீன ஆய்வாளர் ஒருத்தர் வாதாடியிருக்கார். நான் நம்பறேன். கான் தேவுக்கு எதிர் வீட்டு லைட்டும் இல்ல.

சரி, கலிலியோகிட்ட வருவோம். 1610 ஜனவரி 7, இத்தாலியில பாதுவா. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானேன்னு தாண்டிப் போயிடாதீங்க. இதுக்குள்ள நம்ம வீட்டுப் பஞ்சாங்கம் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு.

மொத நாள் ராத்திரி வியாழனுக்குப் பக்கத்துல மூணு சின்ன நட்சத்திரம் பாத்தார். கிழக்கே ரெண்டு, மேற்கே ஒண்ணு. ஏதோ பின்னாடி இருக்கற நட்சத்திரம்னு விட்டுட்டார். மறுநாள் பாத்தா மூணுமே மேற்குல! அப்படின்னா வியாழன் அதுங்களைத் தாண்டி கிழக்கே போயிருக்கணும். ஆனா கணக்குப் புத்தகம் என்ன சொல்லுது? வியாழன் இப்ப மேற்கு நோக்கிப் போயிட்டிருக்குன்னு சொல்லுது.

இந்த இடத்தை நான் புத்தகத்துல மூணு தடவை படிச்சும் மண்டையில ஏறல. அம்மா கீழ தினகாலண்டரைக் கிழிச்சுக்கிட்டே, "குரு வக்ரத்துல இருக்காரு, அதான் எதுவும் நகர மாட்டேங்குது"ன்னு யார்கிட்டயோ போன்ல சொன்னாங்க. பளிச்சுன்னு விளங்குச்சு.

வக்ரம்! கலிலியோ பாத்தப்பவும் குரு வக்ரத்துலதான் இருந்தாரு!

பூமி உள் வட்டத்துல வேகமா ஓடி வியாழனை முந்தறப்ப, வியாழன் பின்னாடி போற மாதிரி தெரியுமே, அதுதான் வக்ரம். பஸ்ஸு சைக்கிளைத் தாண்டறப்ப ஜன்னல்ல பாத்தா சைக்கிள் பின்னாடி போகுமே, அதே கதை. மேற்கே நகர வேண்டிய வியாழன் எப்படி கிழக்கே போச்சுன்னு கலிலியோவுக்குக் குழப்பம். வியாழன் கணக்கை மீறிடுச்சோன்னு சந்தேகம். 9-ஆம் தேதி மேகம் மூடிக்கிச்சு (அந்த ராத்திரி அவர் பட்ட பாடு எனக்கு நல்லாவே தெரியும்). 10-ஆம் தேதி ரெண்டுதான் தெரிஞ்சது, ரெண்டும் கிழக்கே. அங்கதான் அவருக்கு உறைச்சது: நகர்றது வியாழன் இல்ல, அந்தப் புள்ளிங்க. 13-ஆம் தேதி நாலாவதும் வந்துச்சு.

இதையெல்லாம் குட்டிக் குட்டியா வரைஞ்சு வச்சிருக்கார். வட்டத்துக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். மார்ச் மாசத்துக்குள்ள புத்தகமே போட்டுட்டார். பூமியைத்தான் எல்லாம் சுத்துதுன்னு நம்பின உலகத்துல, பூமியைக் கண்டுக்காம இன்னொண்ணைச் சுத்தற நாலு பேரைக் காட்டினா சும்மாவா இருக்கும்!

ஜெர்மனியில சைமன் மாரியஸும் கிட்டத்தட்ட அதே சமயத்துல அதே நாலையும் பாத்தார். அதுல பெரிய சண்டை நடந்துச்சு. ஆனா இன்னிக்கு நாம சொல்ற அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோங்கற பேருங்க மாரியஸ் புத்தகத்துல வந்ததுதான். யோசனை சொன்னது கெப்ளர்.

இன்னொண்ணு. 1612 டிசம்பர் 28-ஆம் தேதி கலிலியோ வியாழனைப் பாத்து வரைஞ்ச படத்துல ஓரத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு. அது நட்சத்திரமே இல்ல. நெப்டியூன்! அடுத்த மாசம் அது கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்குன்னு குறிப்பு வேற எழுதியிருக்கார். அப்புறம் விட்டுட்டார். நெப்டியூன்னு ஒரு கோள் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிய 1846 ஆச்சு. இதை நினைச்சா எனக்கு இப்பவும் அடிவயிறு ஒரு மாதிரி ஆகும்.

நான் சொல்ல வந்தது அவரோட அட்டையைப் பத்தி. கலிலியோ தன்னோட டெலஸ்கோப்பு லென்ஸ் மேல நடுவுல ஓட்டை போட்ட அட்டையை வச்சு ஓரத்தை மறைச்சார். வெளிச்சம் குறையும். ஆனா ஓரத்துல இருந்து வர்ற கூசற வெளிச்சமும் போயிடும், உருவம் சுத்தமா நிக்கும்.

என்கிட்ட ஒரு 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் இருக்கு. அதுல வியாழனைப் பாத்தா சுத்தி ஒரு ஊதா கலர் படலம். அயோ வியாழன் பக்கத்துல வந்துட்டா அந்த ஊதாவுல காணாமப் போயிடும். லென்ஸைத் துடைச்சேன், பனி படியாம இருக்க சார்ட் பேப்பரைச் சுருட்டி முன்னாடி குழாய் மாதிரி மாட்டினேன் (பனிக்கு அது நல்ல வைத்தியம்), ஊதா போகல. கடைசியில வீட்டுல கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டை. நடுவுல காம்பஸ் வச்சு அஞ்சு சென்டிமீட்டருக்கு வட்டம் வெட்டி லென்ஸ் முன்னாடி சொருகினேன்.

ஊதா பாதிக்கு மேல காலி. வட்டை ஒட்டி, கடுகு மாதிரி, அயோ.

நானூறு வருஷம் பழைய உத்தி. இன்னமும் வேலை செய்யுது. பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கணும்.

சனிக்கு வந்தா கதை வேற மாதிரி. அங்க கூசற வெளிச்சம் கோளுகிட்ட இருந்து மட்டும் வரல, வளையத்துகிட்ட இருந்தும் வருது. அதை எந்த அட்டையை வச்சு மறைக்கறது? மறைக்கவே வேண்டாம், காத்திருந்தா போதும். பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போல வளையம் நமக்கு நேரா விளிம்பைக் காட்டித் திரும்பும். அவ்வளவு பெரிய வளையம் அப்ப ஒரு மெல்லிய கோடா ஒடுங்கிடும், சில நாள் காணாமலே போயிடும். 2025 மார்ச்சுல கூட நடந்துச்சு.

இப்ப பாருங்க. ஹைகன்ஸ் சனியோட நிலா டைட்டனைப் பாத்தது 1655 மார்ச் 25. வளையம் ஒடுங்கிக்கிட்டிருந்த காலம். (அவர் தன் அண்ணனோட சேந்து தேய்ச்ச லென்ஸ் வெறும் 57 மில்லிமீட்டர். என்னுதை விடச் சின்னது!) வில்லியம் ஹெர்ஷல் என்செலடஸையும் மைமாஸையும் புடிச்சது 1789. அப்பவும் வளையம் விளிம்பு காட்டின வருஷம். ஹைபீரியன் 1848, அதேதான். பிரெஞ்சுக்காரர் ஆடுவான் டோல்ஃபஸ் ஜேனஸைப் புடிச்சது 1966 டிசம்பர். அதுவும் அப்படித்தான்.

ஜேனஸ் கதையில ஒரு ருசி இருக்கு. டோல்ஃபஸ் பாத்து மூணு நாள் கழிச்சு ரிச்சர்ட் வாக்கர்னு இன்னொருத்தரும் பாத்தார். எல்லாரும் அதே நிலான்னு நினைச்சாங்க. ஆனா ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகல. பன்னெண்டு வருஷம் கழிச்சு, 1978-ல, ஒரே பாதையில ரெண்டு நிலா ஓடுதுன்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. ரெண்டாவது எபிமீதியஸ். ரெண்டோட பாதைக்கும் நடுவுல வெறும் 50 கிலோமீட்டர். நிலாங்க அதை விடப் பெருசு! உள்ள ஓடறது வெளிய ஓடறதை நெருங்கினதும் மோதிக்காம இடத்தை மாத்திக்கும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. அண்ணன் தம்பி ஒத்தைச் சைக்கிளை முறை வச்சு ஓட்டற மாதிரி.

காசினியையும் சொல்லிடறேன். 1671-ல பாரிஸ்ல இருந்து ஐயாபிடஸைப் பாத்தார். சனிக்கு மேற்கே வந்தா தெரியும், கிழக்கே போனா காணோம். திரும்ப மேற்கே வந்தா தெரியும். இதுக்கு எதிரி வியாழனோ சனியோ வளையமோ இல்ல. அந்த நிலாவுக்கு ஒரு பாதி கரி, ஒரு பாதி வெள்ளை, அது எப்பவும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டுதுன்னு யோசிச்சே சொன்னார். 1705-ல நல்ல டெலஸ்கோப்புல கிழக்குப் பக்கமும் மங்கலா பாத்துட்டார். முப்பத்துநாலு வருஷம்ங்க. ஒரு புள்ளி ஏன் காணாமப் போகுதுங்கற கேள்வியை விடாம வச்சிருந்திருக்கார்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச ஆள்.

எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவுல நாஷ்வில், 1857-ல பிறந்தவர். பிறக்கறதுக்கு முன்னாடியே அப்பா இல்ல. வீட்டுல அவ்வளவு வறுமை. பள்ளிக்கூடம் போனது ரொம்பக் கொஞ்ச நாள். ஒம்பது வயசு நிறையறதுக்குள்ள ஒரு போட்டோ ஸ்டூடியோவுல வேலைக்கு சேத்துவிட்டாங்க. அந்தக் காலத்துல போட்டோவைப் பெருசாக்க சூரிய வெளிச்சம் வேணும். அதுக்காகக் கூரை மேல ஒரு பெரிய கருவி. சூரியன் நகர நகர அதைக் கையால திருப்பிக்கிட்டே இருக்கணும். வெயில்ல நாள் பூரா நிக்கற அந்த வேலைதான் பையனுக்கு. அந்தக் கருவிக்கு அவங்க வச்சிருந்த பேர் என்ன தெரியுமா?

ஜூப்பிடர். நம்ம வியாழன்!

பெரியவனாகி, சொந்தக் காசுல சின்ன டெலஸ்கோப் வாங்கி, வால்நட்சத்திரம் தேட ஆரம்பிச்சார். அப்ப புது வால்நட்சத்திரம் ஒண்ணு கண்டுபிடிச்சா ஒரு பணக்காரர் 200 டாலர் பரிசு குடுத்துட்டிருந்தார். பர்னார்ட் அந்தக் காசுல வீட்டுக் கடனைக் கட்டினார். தவணை நெருங்கறப்ப எல்லாம் ஒரு வால்நட்சத்திரம் வந்து காப்பாத்துச்சு.

அப்புறம் கலிபோர்னியா, ஹாமில்டன் மலை, லிக் வானாய்வகம். 36 அங்குல லென்ஸு. அதுல உக்கார பர்னார்டுக்கு சுலபமா இடம் கிடைக்கல. ரொம்ப நாள் கேட்டு, 1892-ல வாரத்துக்கு ஒரு ராத்திரி கிடைச்சது. வெள்ளிக்கிழமை.

1892 செப்டம்பர் 9. வெள்ளிக்கிழமை. நடு ராத்திரி.

கலிலியோவுக்கு அப்புறம் 282 வருஷம் யாரும் வியாழனுக்கு அஞ்சாவது நிலா பாத்ததில்ல. பாக்க ஒண்ணும் இல்லன்னே எல்லாரும் முடிவு பண்ணியிருந்தாங்க. பர்னார்ட் என்ன பண்ணார்? வியாழனைப் பார்வைக்கு வெளிய தள்ளினார். வட்டு கண்ணுல படாம, அதோட ஓரத்து இடத்தை மட்டும் பாத்தார். அங்க ஒரு ஊசிமுனைப் புள்ளி. அளக்கறதுக்காக வியாழனைத் திரும்ப உள்ள கொண்டு வந்தார். புள்ளி அந்த நிமிஷமே காணோம். வெளிய தள்ளினார். வந்துச்சு.

படிச்சப்ப நான் என் டேங்கைத் திரும்பிப் பாத்தேன்.

அந்தப் புள்ளிதான் அமால்தியா. நீளவாக்குல ஒரு 250 கிலோமீட்டர். 12 மணி நேரத்துல வியாழனை ஒரு சுத்து சுத்திடும். டெலஸ்கோப்புல கண்ணை வச்சு ஒரு மனுஷன் நேரா பாத்துக் கண்டுபிடிச்ச கடைசி நிலா அதுதான். ஏழு வருஷத்துல போட்டோ வந்துடுச்சு. பெருவுல அரெகிபாங்கற ஊர்ல எடுத்த கண்ணாடித் தட்டுங்களைப் பாத்து 1899-ல வில்லியம் பிக்கரிங் சனியோட ஃபீபியைக் கண்டுபிடிச்சார். அதுல இருந்து எல்லாமே படம்தான்.

போட்டோ ஸ்டூடியோவுல வளர்ந்த பையன்தான் போட்டோ இல்லாம ஒரு நிலாவைக் கண்டுபிடிச்ச கடைசி ஆள். இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம அன்னிக்கு அம்மாகிட்ட போய் சொன்னேன். "பாவம், அப்பா இல்லாத புள்ள"ன்னாங்க.

லாசலைப் பத்தி ஒரு வரி. லிவர்பூல்ல பீர் காய்ச்சி வித்தவர். அந்த வருமானத்துல உலோகக் கண்ணாடி தானே வார்த்து, தானே மெருகு போட்டு, 24 அங்குல டெலஸ்கோப் கட்டினவர். நெப்டியூன் கண்டுபிடிச்ச பதினேழாவது நாள், 1846 அக்டோபர் 10, அதோட பெரிய நிலா ட்ரைட்டனைப் பாத்துட்டார். அப்புறம் லிவர்பூல் தொழிற்சாலைப் புகை தாங்காம டெலஸ்கோப்பைக் கப்பல்ல ஏத்தி மால்டா தீவுக்கே போனார். நான் டேங்குக்குப் பின்னாடி போனேன், அவர் மால்டாவுக்குப் போனார். நோக்கம் ஒண்ணுதான்.

நம்ம பக்கத்துக் கதை ஒண்ணும் இருக்கு. எவ்வளவு பேருக்குத் தெரியும்னு தெரியல, அதனால நிதானமாவே சொல்றேன்.

ஜவ்வாது மலை, காவலூர். அங்க 1972-ல இருந்து ஒரு மீட்டர் டெலஸ்கோப் ஒண்ணு இருக்கு. 1977 மார்ச் 10 ராத்திரி, துலாம் ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் நெருங்கிக் கடக்கப் போகுதுன்னு பல நாட்டுல காத்திருந்தாங்க. காவலூர்ல பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். இங்க பாத்தீங்கன்னா உத்தி தலைகீழ். வெளிச்சத்தை நாம மறைக்கறது இல்ல. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் குறுக்க வந்து நட்சத்திரத்தை மறைக்கிறாரான்னு பாக்கறது. சுவத்து நிழலை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கற மாதிரி.

நட்சத்திரம் மறைஞ்சது. யுரேனஸ் இருந்த இடத்துல இல்ல. அதுக்கு ரொம்ப வெளிய, சில விநாடி சட்டுன்னு மங்கி, மறுபடி பளிச்.

குறுக்க யாரு? நிலான்னு நினைச்சாங்க. யுரேனஸுக்கு ஒரு புது நிலான்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அதே ராத்திரி இந்தியப் பெருங்கடலுக்கு மேல, விமானத்துல டெலஸ்கோப் வச்சுப் பறந்துக்கிட்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழு, கோளுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு தூரத்துல நட்சத்திரம் மங்கறதைப் பதிவு பண்ணியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா அது நிலா இல்ல, வளையம்! யுரேனஸுக்கும் வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அன்னிக்குத்தான்.

காவலூர்க்காரங்க தோத்துட்டாங்கன்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னார். எனக்கு அதுல கொஞ்சமும் சம்மதம் இல்ல. அவங்க கருவி அந்தச் சில விநாடியை விடாம புடிச்சிருக்கு. கையில ஒரே ஒரு மறைப்பை வச்சுக்கிட்டு யோசிச்சா நிலாங்கறது நியாயமான முடிவு. 1986-ல வாயேஜர் 2 விண்கலம் அங்க போனப்ப, யுரேனஸோட பளிச்சுன்னு தெரியற வளையத்துக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு குட்டி நிலா இருந்துச்சு. கார்டீலியா, ஒஃபீலியா. வளையத்தைச் சிதறாம மேய்க்கற மாதிரி ரெண்டும் பக்கத்துல ஓடுதுங்க.

வாயேஜர்னு சொன்னதும் லிண்டா மொராபிட்டோ ஞாபகம் வருது. 1979 மார்ச் 9. வாயேஜர் 1 எந்தத் திசையில போகுதுன்னு சரிபார்க்கறது அவங்க வேலை. அதுக்காக அயோ பக்கத்துல இருக்கற மங்கலான நட்சத்திரம் தெரியற அளவுக்கு எடுத்த படத்துல வெளிச்சத்தை ஏத்திப் பாத்தாங்க. அயோவோட விளிம்புக்கு வெளிய குடை மாதிரி ஒண்ணு. இன்னொரு நிலா பின்னாடி எட்டிப் பாக்குதோன்னுதான் மொதல்ல நினைச்சாங்க. அது நிலா இல்ல. எரிமலை! பூமிக்கு வெளிய எரிஞ்சுக்கிட்டிருக்கற எரிமலையை மனுஷங்க பாத்தது அதுதான் மொத தடவை.

நிலான்னு நினைச்சா வளையம். நிலான்னு நினைச்சா எரிமலை. இந்தத் தப்புங்க மேல எனக்கு அவ்வளவு பிரியம்.

இப்ப எத்தனை ஆச்சு? 2025 மார்ச்சுல சனிக்கு மட்டும் ஒரே அடியா 128 புது நிலா அறிவிச்சாங்க. அப்ப மொத்தம் 274. தைவான்ல எட்வர்ட் ஆஷ்டனோட குழு, ஹவாய்ல இருக்கற டெலஸ்கோப்புல எடுத்த படங்கள்ல தேடினது. எல்லாம் சில கிலோமீட்டர் அளவு. ஒத்தைப் படத்துல ஒண்ணு கூட தெரியாது. அதனால வரிசையா நிறைய படம் எடுத்து, சனி நகர்ற வேகத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணையும் நகத்தி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறாங்க.

புரியலையா? ஓடற பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்திருக்கற ஆளை ரோட்டோரமா நின்னு பாத்தா முகம் தெரியாது. அதே வேகத்துல பக்கத்துலயே பைக்ல போய்ப் பாருங்க. முகம் நிக்கும், கடைங்க எல்லாம் கோடாயிடும். அதேதான். நட்சத்திரம் எல்லாம் கோடா இழுத்துக்கும். நிலா மட்டும் அடுக்க அடுக்க ஒரே இடத்துல சேந்து புள்ளியாகும்.

"மூணு கிலோமீட்டர் கல்லை எல்லாம் நிலாங்கறதா?"ன்னு சில பேர் அலுத்துக்கறாங்க. எனக்குப் பதில் ஒண்ணுதான்: ஏன் கூடாது? அது சுத்துது. யாரோ அதைத் தேடியிருக்காங்க. அதுல பல நிலா சனி சுத்தற திசைக்கு எதிர்த் திசையில ஓடுது. எங்கயோ போயிட்டிருந்ததைச் சனி புடிச்சு வச்சுக்கிட்டதுக்கும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு மோதி உடைஞ்சதுக்கும் அடையாளம் அது. கல்லுன்னு ஒதுக்கினா அந்தக் கதையும் சேந்து போயிடும்.

கடைசியா, போன மாசி மாசம் நடந்ததைச் சொல்லிடறேன்.

வியாழன் வக்ரத்தோட நடுவை, அதாவது சூரியனுக்கு நேர் எதிர்ல நிக்கற நாளைத் தாண்டிட்டா, அதோட நிழல் நமக்குக் கிழக்குப் பக்கமா சாஞ்சு தெரியும். அயோ வியாழனுக்குப் பின்னாடி போய், வெளிய வந்தும் நிழலுக்குள்ளயே இருக்கும். அப்புறம் வட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வெறும் இருட்டுல, திடீர்னு முளைக்கும். 1676-ல ஓலே ரோமர் பாரிஸ்ல இந்த முளைக்கற நேரத்தைத்தான் குறிச்சார். பூமி வியாழனை விட்டு விலக விலக அது தாமதமாச்சு. வெளிச்சம் வந்து சேர நேரம் எடுக்குதுன்னு அதுலதான் தெரிஞ்சது. மார்கழி நடுவுல இருந்ததுக்கு, மாசியில நமக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாமதம்.

அன்னிக்கு அயோ நிழலை விட்டுப் பத்தே முக்காலுக்கு வெளிய வரணும். பத்தரைக்கே டேங்க் நிழல்ல உக்காந்துட்டேன், பத்திரிகை அட்டையை மாட்டி. எதிர் வீட்டு அக்கா அன்னிக்கு எங்க அம்மாகிட்ட முருங்கைக்கீரை குடுக்க வந்தவங்க, "தம்பி தினமும் டேங்குக்குப் பின்னாடி என்னதான் பண்ணுது?"ன்னு கேட்டுட்டு மேலயே ஏறி வந்துட்டாங்க.

"இருங்கக்கா, அந்த வட்டுக்கு இடது பக்கம் பாத்துக்கிட்டே இருங்க. கண்ணை எடுக்காதீங்க."

"ஒண்ணும் இல்லையே தம்பி."

"இப்ப இல்லக்கா. இருங்க."

முந்தானையைத் தலைக்கு மேல போத்தி, எதிர் வீட்டு வெளிச்சம், அதாவது அவங்க வீட்டு வெளிச்சம், கண்ணுல படாம குனிஞ்சுக்கிட்டாங்க. அதை நான் சொல்லவே இல்ல. தானா வந்துச்சு.

ரெண்டு நிமிஷம் பேச்சே இல்ல. கீழ அம்மா கூப்பிடற சத்தம். அக்கா கையை மட்டும் பின்னாடி நீட்டி, இருங்கன்னு காட்டினாங்க.

"தம்பி. தம்பி! ஒண்ணு வருது. மங்கலா... இப்ப நல்லா... இது எங்கருந்து வந்துச்சு?"